பாசிச் சேர்மங்களின் நன்மையை ஸ்டெம் செல்லின் மரபணு வெளிப்பாட்டால் சோதிப்பது எப்படி: மலை ஆய்வகங்களுக்கு ஒரு வழிகாட்டி

பாசியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்மம் உடலுக்கு நன்மை தருமா என்று அறிய, அதை வளர்ப்புத் தட்டில் உள்ள ஸ்டெம் செல்களுக்குக் கொடுத்து, எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன, எவை அடங்குகின்றன என்று அளக்கும் முறை இப்போது பல ஆய்வகங்களில் கையாளப்படுகிறது. குருத்தணு என்றும் எழுதப்படும் ஸ்டெம் செல், புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்த செல்வரிசைகளைப் போல நெறி தவறிய செல் அன்று. எலும்பாகவோ கொழுப்பாகவோ குருத்தெலும்பாகவோ மாறும் ஆற்றலும் அதனிடம் இருக்கிறது. ஆகவே ஒரு சேர்மம் செல்லைக் காக்கிறதா, மாற்றுகிறதா, வதைக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் ஒரே தட்டில் கேட்க முடிகிறது. அந்த மூன்று பதில்களையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதும் அதே அளவுக்கு எளிது.

உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் சிறிய ஆய்வகம் வைத்திருப்போருக்கும் அங்கே படிக்கும் முதுகலை மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வேலை செய்வது உதகைக்கு அருகில். சமவெளிக்காக எழுதப்பட்ட செய்முறைகளை இங்கே எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலும் சில இடங்களில் சறுக்கும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

கேள்வியை முதலில் எழுதி வைத்தல்

"இந்தப் பாசி நல்லதா?" என்பதைச் செல்லிடம் கேட்க முடியாது. "கட்டக்கோரைப் பாசியிலிருந்து எடுத்த ஃபியூகோசாந்தின் என்ற நிறமி, ஹைட்ரஜன் பெராக்சைடால் தாக்கப்படும் தொப்புள்கொடி ஸ்டெம் செல்களில் ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் மரபணுக்களைத் தூண்டுகிறதா, அதனால் செல் இறப்பு குறைகிறதா?" என்பதைக் கேட்கலாம். எந்த மரபணுக்களைப் பார்க்கப்போகிறீர்கள், எவ்வளவு மாற்றத்தைப் பொருட்படுத்துவீர்கள், எந்த முடிவு வந்தால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பவற்றைத் தேதியிட்டு ஆய்வேட்டில் எழுதிய பிறகே பாசியைக் கையில் எடுக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் திருத்துவது மனித இயல்பு. தேதியிட்ட பக்கம் அதைத் தடுக்கும்.

பாசியைத் தேர்தல்

மழை ஓய்ந்த மாதங்களில் சோலை மரங்களின் பட்டையிலும் பழைய மதில்களிலும் காவி நிறத்தில் படர்ந்திருக்கும் ட்ரெண்டிபோலியா, நிறத்தைப் பார்த்தால் நம்ப முடியாது என்றாலும், பச்சைப்பாசி வகையைச் சேர்ந்தது. கரோட்டினாய்டு நிறமிகள் அதன் பச்சையை மறைத்துவிடுகின்றன. 2001-இல் கேரளத்தில் பெய்த செந்நிற மழைக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டதும் இந்த இனப் பாசியின் வித்துகளே. இதைச் சுரண்டி எடுத்து ஆராயலாம் என்று பலருக்கும் ஆசை வரும். ஆனால் 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரியில் காப்புக்காட்டுக்குள் எதைச் சேகரிக்கவும் வனத்துறையின் அனுமதி வேண்டும்; வணிக நோக்கம் இருந்தால் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படியும் நடக்க வேண்டும். சமையலில் போடும் கல்பாசியைக் கொண்டுவந்து தருவோரும் உண்டு. அது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன். அதில் கிடைக்கும் சேர்மங்கள் பெரும்பாலும் பூஞ்சையின் கைவண்ணம் என்பதால் அதைப் பாசி ஆய்வில் சேர்க்கக் கூடாது.

தொடங்குவோருக்கு மண்டபம், இராமேசுவரம் கரைகளில் கிடைக்கும் கடற்பாசிகளே வசதியானவை: கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, பழுப்பு நிறக் கட்டக்கோரை. சுருள்பாசியாகிய ஸ்பைருலினா 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில்தான் செழிக்கும். மலையில் வளர்ப்பதைவிட மேட்டுப்பாளையம் பக்கத்துத் தொட்டிகளிலிருந்து வாங்குவது எளிது. ஏரியில் மிதக்கும் பச்சை ஏட்டை மட்டும் தொடவே வேண்டாம். கழிவுநீர் கலக்கும் நீர்நிலைகளில் அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசியாக இருக்கக்கூடும். அதன் மைக்ரோசிஸ்டின் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பதே அந்நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த தற்காலிக வரம்பு.

எந்தப் பாசியானாலும், சேர்மத்தைப் பிரித்த பின் இரண்டு சோதனைகளைத் தவிர்க்க முடியாது. முதலாவது தூய்மை, கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது எண்டோடாக்சின், அதாவது லைப்போபாலிசாக்கரைடு என்ற செல்லுறைப் பொருள். நீலப்பச்சைப்பாசிகளின் செல்லுறையிலேயே லைப்போபாலிசாக்கரைடு இருக்கிறது. மற்ற பாசிகளோடு ஒட்டி வரும் பாக்டீரியாக்களிடமிருந்தும் அது வரும். ஸ்டெம் செல் அதை டி.எல்.ஆர்.-4 என்ற ஏற்பியால் உணர்ந்து, ஐ.எல்.-6, ஐ.எல்.-8 ஆகிய அழற்சி மரபணுக்களை உடனே உயர்த்திவிடும். நோய் எதிர்ப்பைத் தூண்டும் பாசி என்று நாம் மகிழ்ந்து எழுதுவது, உண்மையில் அழுக்கின் வேலையாக இருக்கலாம். குதிரைலாட நண்டின் குருதியைக் கொண்டு செய்யும் வழக்கமான எண்டோடாக்சின் சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது: பாசிகளில் மிகுதியாக உள்ள பீட்டா-குளூக்கன் என்ற சர்க்கரை அந்தச் சோதனையைத் தவறாக நேர்மறை ஆக்கும். ஆகவே மறுசேர்க்கைக் காரணி-சி கொண்ட சோதனையையோ, குளூக்கனைத் தடுக்கும் கரைசல் சேர்த்த சோதனையையோ பயன்படுத்துக.

செல்லைப் பெறுதலும் அடையாளம் காணுதலும்

பிரசவத்துக்குப் பின் களையப்படும் தொப்புள்கொடியும் பனிக்குட உறையும் நல்ல மூலங்கள். ஆனால் களையப்படுவது என்பதால் கேட்காமல் எடுத்துவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்களின்படி, நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவும் அறநெறிக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். தாயின் எழுத்துவழி ஒப்புதலைப் பிரசவ வலியின் நடுவே கேட்கலாகாது. முன்கூட்டியே, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெற வேண்டும். படுக மொழி பேசும் தாயிடம் அச்சிட்ட தமிழ்ப் படிவத்தை நீட்டுவதோடு நிறுத்தாமல், அம்மொழி தெரிந்த செவிலியரை உடன் வைத்து விளக்குவது எங்கள் வழக்கம். இவ்வளவுக்கு வசதி இல்லாதவர்கள், சான்று பெற்ற செல்களை விலைக்கு வாங்கலாம்.

வந்த செல், நமக்கு வேண்டிய வகையான மீசென்கைமல் ஸ்டெம் செல்தானா என்பதை, பன்னாட்டுச் செல் சிகிச்சைச் சங்கம் 2006-இல் வகுத்த அளவுகோலால் உறுதி செய்ய வேண்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும். சிடி73, சிடி90, சிடி105 ஆகிய குறிப்பான்கள் 95 சதவீதத்துக்குக் குறையாத செல்களில் இருக்க வேண்டும். சிடி34, சிடி45 முதலியவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு ஆகிய மூன்றாகவும் மாறிக் காட்ட வேண்டும். தட்டு மாற்றி வளர்ப்பதை ஒரு தலைமுறை என்று எண்ணி, மூன்றாம் முதல் ஐந்தாம் தலைமுறை வரையிலான செல்களையே ஆய்வுக்கு எடுங்கள். அதற்கு மேல் போனால் முதுமையின் மரபணுக்கள் தலைகாட்டும். மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா சோதனை கட்டாயம். நுண்ணோக்கியில் தெரியாத அந்தத் தொற்று, மரபணு வெளிப்பாட்டை அடியோடு மாற்றிவிடும்.

உயரமும் குளிரும்

உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சமவெளியின் முக்கால் பங்கு. குக்கர் இல்லாமல் இந்த ஊரில் பருப்பு வேகாது என்பதை வீட்டில் அறிந்த நாம், ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம்.

நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தம் என்று முள் காட்டினால் சமவெளியில் உள்ளே 121 பாகை செல்சியஸ் இருக்கும். முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே என்பதால், இங்கே அதே 15 பவுண்டில் 117 பாகையை ஒட்டித்தான் இருக்கும். 121 பாகையை எட்ட 18 முதல் 19 பவுண்டு வரை வேண்டும். உங்கள் பாத்திரம் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று உற்பத்தியாளர் குறித்திருந்தால் மட்டுமே அழுத்தத்தை உயர்த்துங்கள். இல்லையென்றால் நேரத்தை நீட்டி, வெப்பத்தால் அழியாத வித்துகள் கொண்ட சோதனைக் குப்பியை உள்ளே வைத்துச் சரிபாருங்கள். வெப்ப உணரியால் இயங்கும் புதிய கருவிகளில் இந்தக் கவலை இல்லை.

செல் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரில் இன்னும் நுட்பமான சிக்கல். வளர்ப்பூடகத்தின் காரத்தன்மையைக் கட்டுப்படுத்துவது கரியமில வாயுவின் சதவீதமன்று, அதன் பகுதி அழுத்தம். மொத்தக் காற்றழுத்தம் முக்கால் பங்காகக் குறைந்த இடத்தில் 5 சதவீதம் வைத்தால், சமவெளியில் ஏறத்தாழ 3.8 சதவீதம் வைத்ததற்குச் சமம், ஊடகம் 0.1 பி.எச். அளவுக்குக் காரப்பக்கம் நகரும். ஃபீனால் சிவப்பு என்ற நிறங்காட்டி கலந்த ஊடகம் வழக்கத்தைவிட இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதுவே அறிகுறி. சமவெளி நிலையை எட்ட 6.5 சதவீதத்தை ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். ஆனால் உணரிகள் உயரத்தை ஈடுசெய்யும் விதம் கருவிக்குக் கருவி மாறுபடுவதால், எண்ணை நம்பாமல், செல் இல்லாத ஊடகத்தை ஒரு நாள் முழுதும் உள்ளே வைத்துப் பி.எச். மானியால் அளந்து, 7.2 முதல் 7.4 வரை வரும்படி திருத்திக்கொள்வதே உறுதியான வழி. ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் இங்கே குறைவு என்பதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். சென்னையில் ஒருவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்து வேறு முடிவு பெற்றால், காரணம் தேட அந்த ஒரு வரி உதவும். காற்றை இழுத்து இயங்கும் பிப்பெட்டுகள் உயரமான இடத்தில் சற்றுக் குறைவாகவே ஊற்றும் என்பதால், அவற்றையும் இங்கேயே, நீரை எடைபோட்டு, அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

குளிரைப் பற்றி ஒரு சம்பவமே சொல்லிவிடும். ஃபியூகோசாந்தின் போன்ற பாசி நிறமிகள் நீரில் கரையாதவை, அவற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைப்போம். அதன் உறைநிலை 18.5 பாகை. கோயம்புத்தூரில் அது ஆண்டு முழுதும் நீர்மமாகவே இருக்கும் என்று கொள்ளலாம். உதகையின் சனவரிக் காலையில் அலமாரியில் இருக்கும் பாட்டில் பனிக்கட்டி போல இறுகிவிடும். முதல் ஆண்டில் எங்களுக்கு ஒரு வியப்பான முடிவு வந்தது: வளர்ப்புத் தட்டில் மிகக் குறைந்த அளவு கொடுத்த குழிகளில் மரபணு வெளிப்பாட்டின் மாற்றம் மிக அதிகம், அளவு கூடக்கூட விளைவு குறைந்தது. குறைந்த அளவே மருந்து என்று கட்டுரைத் தலைப்புக்கூட யோசித்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து, அதே கரைசலை எடுக்கப் போன மாணவி, "மேடம், குப்பி பாதி கல்லாட்டம் இருக்கு, மேல மட்டும்தான் தண்ணியா இருக்கு, அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொன்னபோதுதான் விளங்கியது. கரைப்பான் உறையும்போது கரைபொருளை வெளியே தள்ளுகிறது. உறையாமல் மிஞ்சிய கொஞ்ச நீர்மத்தில் சேர்மம் பலமடங்கு செறிந்துவிடுகிறது. முறைப்படி குறைந்த அளவிலிருந்து தொடங்கிய அந்தப் பெண், செறிந்த நீர்மத்தை முதல் குழிகளுக்கும், கைச்சூட்டில் உருகி நீர்த்ததைப் பிந்திய குழிகளுக்கும் போட்டிருக்கிறாள். அவள்மீது பிழையில்லை, செய்முறைத் தாளில் அப்படி ஒரு எச்சரிக்கையை நான் எழுதியிருக்கவில்லை. அன்று முதல், ஒவ்வொரு குப்பியும் 37 பாகை நீர்த்தொட்டியில் பத்து நிமிடம் இருந்து, நன்றாகக் கலக்கப்பட்ட பிறகே திறக்கப்படுகிறது. எஸ்.டி.எஸ். என்ற சோப்புப்பொருள் சேர்ந்த கரைசல்களும் குளிரில் வெண்மையாகப் படியும். அவற்றுக்கும் இதே நடைமுறை.

எவ்வளவு கொடுப்பது

ஃபியூகோசாந்தினின் மூலக்கூறு எடை 658.9. ஒரு மில்லிலிட்டர் டி.எம்.எஸ்.ஓ.வில் 6.59 மில்லிகிராம் கரைத்தால் 10 மில்லிமோலார் கரைசல். அதை ஊடகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்தால் 10 மைக்ரோமோலார் சேர்மமும் 0.1 சதவீத டி.எம்.எஸ்.ஓ.வும் ஆகும். டி.எம்.எஸ்.ஓ.வே ஸ்டெம் செல்லின் திசையை மாற்றக்கூடியது என்பதால் 0.1 சதவீதத்தைத் தாண்டாமல், எல்லாக் குழிகளிலும் ஒரே அளவாக வையுங்கள். நிறமிகள் ஒளியில் சிதையும். பழுப்புக் குப்பியும் மங்கிய வெளிச்சமும் வேண்டும்.

எந்த அளவு பொருத்தம் என்பதில்தான் பல கட்டுரைகள் வழுக்குகின்றன. உண்ணப்பட்ட ஃபியூகோசாந்தின் குடலில் ஃபியூகோசாந்தினால் என்ற வேறு பொருளாக மாறியே உட்செல்கிறது; மனிதக் குருதியில் அது, மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமோலார் அளவில்தான் காணப்படுகிறது. தட்டில் 20, 50 மைக்ரோமோலார் என்று ஊற்றிவிட்டு, அந்த முடிவை உணவுக்குப் பொருத்துவது, ஒரு சிட்டிகை உப்பின் விளைவைப் படி உப்பைக் கொட்டிச் சோதிப்பது போன்றது. நானோமோலாரில் தொடங்கி மேலே செல்லும் ஐந்தாறு படிகளை வையுங்கள். இயன்றால் குடலில் உண்டாகும் அந்த மாற்றுப் பொருளையும் தனியே சோதியுங்கள். ஃபியூகாய்டன் போன்ற பெரும் சர்க்கரைகள் மிகச் சிறிதளவே உட்கவரப்படுவதால் அவற்றுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மரபணுவை அளக்கும் முன், எந்த அளவில் செல் நலமாக இருக்கிறது என்று காண வேண்டும். உயிருள்ள செல் ஒரு சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் வழக்கமான எம்.டி.டி. சோதனையைப் பாசிச் சேர்மங்களுக்கு நான் தனியே நம்புவதில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் செல்லின் உதவி இல்லாமலேயே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். செல் இல்லாத குழியில் சேர்மத்தையும் சாயத்தையும் மட்டும் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை அளவிடும் சோதனையையும், செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைப்பான் நீலத்தால் எண்ணுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் நலமாக இருக்கும் அளவுகளை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்க.

குழுக்களை அமைத்தல்

எடுத்துக்காட்டாக எழுதிய கேள்விக்கு ஆறு குழுக்கள் தேவை: எதுவும் சேர்க்காதது, டி.எம்.எஸ்.ஓ. மட்டும், சேர்மம் மட்டும், பெராக்சைடு மட்டும், சேர்மத்துக்குப் பின் பெராக்சைடு, இவற்றோடு விளைவு முன்பே நிறுவப்பட்ட சல்ஃபோராஃபேன் சேர்த்த குழு. சல்ஃபோராஃபேன் குழுவிலும் மாற்றம் தெரியவில்லையென்றால் உங்கள் சோதனை வேலை செய்யவில்லை என்று பொருள். பாசியைக் குறை சொல்ல முடியாது. பழுப்புப்பாசியின் ஃபுளோரோடானின்கள் போன்ற ஃபீனால் சேர்மங்கள் ஊடகத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சோதிப்போர் கேட்டலேஸ் நொதி சேர்த்த ஒரு குழுவையும் வைக்க வேண்டும்.

ஒரே தாயின் செல்லை மூன்று குழிகளில் போட்டுவிட்டு மூன்று முறை செய்ததாக எழுதுவது, ஆய்வேடுகளில் நான் அதிகம் காணும் பிழை. அது ஒரே ஒரு முறைதான். மூன்று வெவ்வேறு தாய்மாரின் செல்களில், வெவ்வேறு நாளில் செய்தால்தான் மூன்று. ஒவ்வொரு நாளும் எல்லாக் குழுக்களும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவைத் திங்களன்றும் சேர்மக் குழுவை வியாழனன்றும் செய்தால், நாளின் வேறுபாட்டையே சேர்மத்தின் வேறுபாடாக அளப்பீர்கள்.

நேரமும் முக்கியம். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மரபணுக்களுக்கு 6 மணி, 24 மணி போதும். எலும்பாக மாறுவதைப் பார்க்க 7, 14, 21 நாள்கள் வேண்டும். எலும்பு மரபணுக்களில் ரன்க்ஸ்-2 முதலில் எழும், ஆஸ்டியோகால்சின் கடைசியில்தான் வரும்.

ஆர்.என்.ஏ. எடுத்தல்

ஒரு மரபணு இயங்கும்போது உண்டாகும் ஆர்.என்.ஏ. நகல்களை எண்ணியே அதன் வெளிப்பாட்டை அளக்கிறோம். ஊடகத்தை நீக்கி, குளிர்ந்த உப்புக்கரைசலால் இருமுறை கழுவி, ஆறு குழித் தட்டின் குழி ஒன்றுக்கு, செல்லை உடைக்கும் கரைசலான டிரைசால் 1 மில்லிலிட்டர் ஊற்றி ஐந்து நிமிடம் வைக்கவும். 0.2 மில்லிலிட்டர் குளோரோஃபார்ம் சேர்த்து 15 நொடி குலுக்கி, மூன்று நிமிடம் நிற்க விட்டு, 4 பாகையில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றவும். மேலே தெளிந்த நீர்ப்படலத்தை மட்டும், இடைப்படலத்தைத் தொடாமல் எடுக்கவும். கரோட்டினாய்டு நிறம் கீழ்ப்படலத்தில் தங்கிவிடும். ஆனால் பாசிச் சர்க்கரைகள் மேல்படலத்தில் ஆர்.என்.ஏ.வோடு வந்துவிடும். கந்தகம் ஏறிய சர்க்கரையான ஃபியூகாய்டன், ஹெப்பாரினைப் போலவே, அடுத்து வரும் நொதிகளை முடக்கும். அதனால் 0.5 மில்லிலிட்டர் ஐசோபுரொப்பனால் மட்டும் சேர்ப்பதற்குப் பதிலாக, 0.25 மில்லிலிட்டர் ஐசோபுரொப்பனாலும், 0.8 மோலார் சோடியம் சிட்ரேட்டும் 1.2 மோலார் சோடியம் குளோரைடும் கலந்த உப்புக்கரைசல் 0.25 மில்லிலிட்டரும் சேர்த்துப் படிய வைக்கவும். சர்க்கரைகள் கரைசலிலேயே தங்கும். பிறகு 75 சதவீத எத்தனாலில் கழுவி, முழுதும் காய்ந்து வெடிக்க விடாமல், ஆர்.என்.ஏஸ் நொதி இல்லாத நீரில் கரைக்கவும்.

தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவில், நானோமீட்டர் அலைநீளக் கணக்கில் 260-க்கு 280 விகிதம் 2.0-ஐ ஒட்டியும், 260-க்கு 230 விகிதம் 2.0-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். முழுமையைக் காட்டும் ஆர்.ஐ.என். மதிப்பு 8-க்கு மேல் இருந்தால் நிம்மதி. கலந்து வந்த டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் சிகிச்சையை விட்டுவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து உலர்பனி வர முடியாமல் போவதும் மின்சாரம் நின்றுபோவதும் நமக்குப் பழக்கமானவை. அந்த நாள்களில் ஆர்.என்.ஏ.வை நீரில் கரைக்காமல், 75 சதவீத எத்தனாலுக்கு அடியில் படிவாகவே கழித்தல் 20 பாகையில் வைத்திருந்தால் ஓராண்டுகூடத் தாங்கும்.

அளத்தல்

ஆர்.என்.ஏ.வை சி.டி.என்.ஏ. என்ற டி.என்.ஏ. நகலாக மாற்றி, அதைச் சுழற்சிதோறும் இரட்டித்து அளக்கும் நிகழ்நேர பி.சி.ஆர். செய்வதற்கு 2009-இல் வெளியான எம்.ஐ.க்யூ.ஈ. நெறிகள் இருக்கின்றன, அவற்றை ஒருமுறையாவது முழுதும் படியுங்கள். இரட்டிப்பைத் தொடங்கி வைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமரின் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நொதி சேர்க்காத குழியும் வார்ப்புரு சேர்க்காத குழியும் ஒவ்வொரு தட்டிலும் வேண்டும். ஒரு மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால், கருவி உணரும் அளவை எட்ட எத்தனை சுழற்சி ஆயிற்று என்று சொல்லும் சி.டி. மதிப்பு ஏறத்தாழ 3.3 கூட வேண்டும். அதைவிடக் குறைவாகக் கூடினாலோ, குறைந்தாலோ, சர்க்கரை இன்னும் உள்ளே இருந்து நொதியைத் தடுக்கிறது என்று அறியலாம்.

எந்தக் குழுவிலும் மாறாதது என்று கொண்டு ஒப்பிடும் மரபணுவாக ஜி.ஏ.பி.டி.எச். ஒன்றையே வைப்பது பழைய வழக்கம். குளுக்கோஸை உடைக்கும் பாதையில் உள்ள நொதி அது. வளர்சிதை மாற்றத்தைத் தொடும் பாசிச் சேர்மம் அதையே மாற்றினால் அளவுகோலே நீண்டு சுருங்கும். ரைபோசோம் புரத மரபணு ஒன்று, டாட்டா-பெட்டிப் பிணைப்புப் புரதத்தின் மரபணு எனக் குறைந்தது இரண்டு மூன்றை உங்கள் செல்லிலேயே சோதித்து, மாறாதவற்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கணக்கு எளியது. ஒப்பீட்டுக் குழுவில், ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் மரபணுக்களில் ஒன்றான ஹீம் ஆக்சிஜனேஸ்-1 மரபணுவின் சி.டி. 26.0, ஒப்பு மரபணுவின் சி.டி. 18.0 என்று வைத்துக்கொள்வோம், வேறுபாடு 8.0. சேர்மம் கொடுத்த குழுவில் 24.5, 18.1, வேறுபாடு 6.4. இரண்டுக்கும் இடையே 1.6. ஒரு சுழற்சி இரு மடங்கு என்பதால், இரண்டின் 1.6 அடுக்கு, அதாவது ஏறத்தாழ 3 மடங்கு உயர்வு. புள்ளியியல் சோதனையை மடங்குகளில் செய்யாமல், அந்த வேறுபாட்டு மதிப்புகளில் செய்யுங்கள்.

பணம் இருந்தால் ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்துதலுக்கு அனுப்பலாம், மாதிரிக்கு 2 கோடி வாசிப்புகள் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் ஏறத்தாழ 20,000 மரபணுக்களை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது, 5 சதவீத வரம்பு வைத்தால் எந்த விளைவும் இல்லாத சேர்மமும் தற்செயலாக ஆயிரம் மரபணுக்களை மாற்றியதாகத் தோன்றும். இப்படித் தற்செயலாக வருபவற்றைக் கழிக்கும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் திருத்தம் செய்த பட்டியலை மட்டுமே பார்க்க வேண்டும்.

உயர்ந்த மரபணு என்ன சொல்கிறது

ஹீம் ஆக்சிஜனேஸ்-1 உயர்ந்தால் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்று எழுதிவிடுவார்கள். அந்த மரபணு நஞ்சு தாக்கினாலும் உயரும், கன உலோகம் சேர்ந்தாலும் உயரும். பழுப்புக் கடற்பாசிகள் ஆர்சனிக்கைச் சேர்த்து வைப்பவை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தீயணைப்பு வண்டி ஓடுகிறது என்பதால் ஊர் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அதன் கூட்டாளிகளையும் பாருங்கள். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மரபணுக்களை இயக்கும் என்.ஆர்.எஃப்.-2 என்ற புரதம் ஆளும் என்.க்யூ.ஓ.-1, ஜி.சி.எல்.எம். ஆகியவையும் சேர்ந்து உயர்ந்து, ஏ.டி.எஃப்.-3, சாப், பி-21 ஆகிய துயர மரபணுக்கள் அசையாமல் இருந்தால், செல் தயார்நிலைக்கு வந்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. துயர மரபணுக்களும் கூடவே எழுந்தால் நீங்கள் அளந்தது வதையை.

எலும்பு மரபணு உயர்ந்தது என்றால் அலிசாரின் சிவப்பால் கால்சியம் படிந்திருப்பதைக் காட்டுங்கள். கொழுப்பு குறைந்தது என்றால் ஆயில் ரெட் சாயத்தால் துளிகள் குறைந்திருப்பதைக் காட்டுங்கள். ஆர்.என்.ஏ. கூடினாலும் புரதம் கூடாத நேரங்கள் உண்டு என்பதால் புரதத்தை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டும் வேண்டும். என்.ஆர்.எஃப்.-2 வழியாகத்தான் சேர்மம் வேலை செய்கிறது என்று சொல்ல விரும்பினால், அதன் மரபணுவை, குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் குட்டி ஆர்.என்.ஏ.வான எஸ்.ஐ.ஆர்.என்.ஏ.வால் அடக்கிவிட்டு, பாதுகாப்பும் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறையவில்லையென்றால் வழி வேறு. இத்தனையும் தேறிய பின் அறிக்கையில் எழுதக்கூடியது இந்த அளவு நீளமுள்ள ஒரு வாக்கியம்தான்: இத்தனை தாய்மாரின் தொப்புள்கொடிச் செல்களில், இத்தனை நானோமோலார் சேர்மம், இத்தனை மணி நேரத்தில், இந்த மரபணுக்களை இத்தனை மடங்கு உயர்த்தியது, பெராக்சைடால் நேரும் இறப்பு இவ்வளவு குறைந்தது. மனிதர், நோய், குணம் ஆகிய சொற்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

மலையடிவாரத்தில் ஸ்பைருலினா வளர்க்கும் மகளிர் குழுவிலிருந்து ஒரு அம்மா, வளர்ப்புத் தொட்டிக்கான உப்புக் கணக்கைக் கேட்க வந்தபோது, கைப்பையிலிருந்து அச்சகத்தார் வரைந்து கொடுத்த உறையை எடுத்துக் காட்டினார். "மேடம், இதுல ஸ்டெம் செல்லைத் தூண்டும்னு போட்டா நல்லா விக்கும்ங்கிறாங்க. நீங்களும் அதத்தானுங்களே பார்க்கறீங்க, போடலாங்களா?" என்று கேட்டார். "நாங்க பார்க்கறது தட்டுலம்மா, வயித்துல இல்ல. அதை எடுத்துடுங்க. புரதம் எவ்வளவு, எப்ப காய வெச்சது, மைக்ரோசிஸ்டின் சோதனை என்னைக்குப் பண்ணினது, இதைப் போடுங்க" என்றேன். உறையைத் திருப்பிப் பின்பக்கத்தில் அந்த மூன்றையும் பேனாவால் எழுதிக்கொண்டு, அந்தச் சோதனைக்கு எத்தனை கிராம் பொடி கொண்டுவர வேண்டும் என்று கேட்டார்.